பண் வந்த வழி

(புதுவைத் திருக்குட நன்னீராட்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையை மக்கள் கற்கும் வழிகளைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். யான் இசைப்புலவன் அல்லேன். மடத்தில் தமிழும் சாத்திரமும் பயின்றவன். திருமுறை பாடக் கற்ற அளவில் சில சொல்வேன்.

ஓதாது உணர்தல் சம்பந்தப் பிள்ளையார்க்கு வாய்த்தது. நமக்கு ஓதியே உணர்தல் வேண்டும். உமாபதி சிவம் உரைத்த திருமுறை கண்ட வரலாற்றை நீவிர் அறிவீர். தில்லையில் செல்லரித்தவை போக எஞ்சிய ஏடுகள் கிடைத்தன, பண் கிடைத்திலது. எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரே அதனை வழங்கினார். முடிமன்னனும் நம்பியாண்டார் நம்பியும் ஒரு பெண்ணின் நாவினை எதிர்பார்த்து நின்றதை எண்ணுந்தோறும் எனக்கு மெய் சிலிர்க்கும்.

தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டைப் பாருங்கள். திருப்பதியம் விண்ணப்பிக்க இராசராசன் 48 பிடாரரை நியமித்தான். உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர். ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல். ஒருவர் இறந்தால் அவர்தம் உறவினர் பாடுக. உறவினர் தகுதியிலராயின் தகுதியுடைய பிறரை அமர்த்துக என்பது ஏற்பாடு. குடிவழியையும் மதித்தான்; தகுதியையும் விட்டானல்லன். இந்நுட்பத்தைப் பிற்காலத்தார் பலர் மறந்தனர்.

எங்கள் ஓதுவாமூர்த்திகள் பாடவேளையில் ஏட்டைத் திறக்க விடார். ஓரடி பாடுவார், நாங்கள் திரும்பப் பாடுவோம். கௌசிகம் இன்றைய பைரவி, தக்கேசி காம்போதி என்னும் கணக்கெல்லாம் பின்னரே சொன்னார். ஒருமுறை வானொலியில் கேட்ட பதிகத்தை அப்படியே பாடிக் காட்டினேன். மூச்சு வாங்கியதில் ஒரு சொல் இரண்டாகப் பிளந்தது. "இது யாருடைய மூச்சு?" என்று கேட்டார். பாடியவருடைய மூச்சையும் சேர்த்தே மனனம் செய்திருந்தேன்! வானொலியின்மேற் குற்றமில்லை. அது பாடிக் காட்டும். நம் பாட்டைக் கேட்டுத் திருத்தாது.

நம் புதுவைப் பிரஞ்சு நிறுவனம் 1984இல் தி. வே. கோபாலையர் பதிப்பித்த தேவாரத்தின் முதல் தொகுதியை வெளியிட்டது. 2007இல் கணினித் தேவாரமும் வந்தது. ஏட்டைச் செல் அரிக்கும் என்னும் அச்சம் பெரிதும் நீங்கியது. ஒலிப்பதிவுகளும் பல உள. ஆயினும் பிள்ளையின் சுதி விலகும்போது உடனே நிறுத்தித் திருத்த ஒருவர் அருகிருத்தல் வேண்டும்.

புரவலர்களே! கோபுரத்துக்கு வண்ணம் தீட்டினீர். கலசத்துக்குப் பொன் பூசினீர். பெரிதும் மகிழ்ந்தோம். அந்த முக்குறுணி நெல்லை யார் அளப்பது? மாலைதோறும் பத்துப் பிள்ளைகளுக்குப் பண் சொல்லிக் கொடுக்கும் ஓதுவார் ஒருவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். இதற்கென ஓர் அறக்கட்டளை நிறுவுமாறு விண்ணப்பிக்கின்றேன். பெயர் பொறிக்கக் கல் வேண்டுமாயின் அதற்கும் இடமுண்டு.

இன்றிரவுப் பூசையில் மேகராகக்குறிஞ்சி பாடப்பெறும். நீலாம்பரி என்றால் உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளையும் அழைத்து வந்து முன்வரிசையில் அமர்த்துங்கள்.