பத்து நாளில் வந்த தீர்ப்பு
(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவியர் வகுப்பில் ஆற்றிய உரை)



தூக்குத் தண்டனையைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்று நம் நாட்டில் அடிக்கடி குரல் எழுகிறது. நம் லயங்களிலும் சிலர் அப்படிப் பேசுகிறார்கள். அதனால்தான் இன்று ஒரு தொழிலாளியின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

அவர் பெயர் பெர்னான் இவ்தோன். அல்ஜீரியாவின் தலைநகரான அல்ஜியர்ஸில், எரிவாயுத் தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்தவர். அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதியும் அவர்தான். நம் தோட்டத் தலைவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்ஜீரியா அப்போது பிரான்சின் ஆட்சியில் இருந்தது. இவ்தோன் ஐரோப்பிய வம்சத்தவர். ஆனாலும் அல்ஜீரிய மக்களின் விடுதலைப் பக்கம் நின்றார்.

1954இல் விடுதலைப் போர் தொடங்கியது. 1956 நவம்பர் 14ஆம் திகதி, தான் வேலை செய்த தொழிற்சாலையிலேயே அவர் ஒரு குண்டை மறைத்து வைத்தார். எல்லோரும் வேலை முடிந்து போன பிறகு, மாலை ஏழரைக்கு வெடிக்கும்படி நேரம் குறித்திருந்தார். ஆளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பது அவர் எண்ணம். குண்டு வெடிக்கவேயில்லை. முன்னரே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

பொலிஸார் அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். பத்தே நாளில், நவம்பர் 24ஆம் திகதி, இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஏன் அவ்வளவு அவசரம்? செப்டெம்பர் 30ஆம் திகதி அதே நகரில், சனங்கள் கூடும் கடைகளில் குண்டு வெடித்து உயிர்கள் போயிருந்தன. நகரம் முழுக்கப் பயமும் கோபமும். அந்தக் குண்டுகளை வைத்தவர் இவரல்ல. ஆனால் அந்தக் கோபம் இவர் தலையில் விடிந்தது.

ஜனாதிபதி ரெனே கோட்டி மன்னிப்புக் கொடுக்க மறுத்தார். நீதியமைச்சர் பிரான்சுவா மித்தரானும் மன்னிப்புக்கு ஆதரவு தரவில்லை. 1957 பெப்ரவரி 11ஆம் திகதி, அல்ஜீரியர் இருவரோடு சேர்த்து, கில்லட்டின் இயந்திரத்தில் அவருடைய தலையை வெட்டினார்கள். வயது 30.

குண்டு வைத்தது சரியென்று நான் சொல்ல வரவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் நிற்கும் இடத்தில் குண்டை வைத்துவிட்டுக் கடிகாரத்தை நம்புவது தொழிற்சங்கத்தின் வழியல்ல. கடிகாரம் பிசகியிருந்தால்? யாராவது ஒருவர் பின்தங்கி நின்றிருந்தால்? நமது ஆயுதம் ஒற்றுமைதான். குற்றத்துக்குத் தண்டனை இருக்கட்டும். ஆனால் ஒருவரையும் கொல்லாத மனிதரை, ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், பத்து நாளில் தீர்ப்பெழுதிக் கொன்றது நீதியா?

1981இல் அதே மித்தரான் ஜனாதிபதியானார். அந்த ஆண்டே பிரான்சில் மரண தண்டனை ஒழிக்கப்பட்டது. இவ்தோனுக்கு அதனால் என்ன பயன்?

நம் நாட்டு நீதிமன்றங்கள் இன்றும் மரண தண்டனை விதிக்கின்றன. ஆனால் 1976க்குப் பிறகு ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் நம் பிள்ளைகளை எப்படிப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதை மறக்க முடியுமா? சட்டத்தரணி வைக்க வசதியில்லாத ஏழை, தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பம் வைத்த கதைகள் நமக்குத் தெரியும். அது பிழையென்று பத்து வருடம் கழித்துத் தெரிந்தாலும், சிறையில் இருக்கும் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவரலாம். தூக்கில் போட்ட பிள்ளையை எங்கே போய்த் தேடுவது?

அடுத்த முறை பிரட்டுக்களத்தில் யாராவது "தூக்கில போடணும்" என்று சொன்னால், கோபப்படாமல் இந்தத் தொழிலாளியின் கதையைச் சொல்லுங்கள்.