கணக்கில் வராத செல்வம்
(பத்தாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிஞர்கள் கூடிய அவையில் பொருளியல் பேச என்னைப் பணித்திருக்கிறீர்கள். வரவு செலவுக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். திருவள்ளுவர் நட்பு என்னும் அதிகாரத்தை எந்தப் பாலில் வைத்தார்? பொருட்பாலில் வைத்தார். பொருள் செயல்வகை 76ஆம் அதிகாரம். நட்பு 79ஆம் அதிகாரம். அரசின் உறுப்புகளைக் கூறும் வரிசையில் அது வந்தது என்பது உண்மையே. எனினும், நட்பும் ஈட்டிக் காக்க வேண்டிய ஒரு செல்வம் என்றே அந்த வைப்பு முறையை நான் கொள்கிறேன்.

1974இல் ரிச்சர்டு ஈஸ்டர்லின் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஒரு முரணைச் சுட்டினார். ஒரே காலத்தில் ஒப்பிட்டால், ஏழையைவிடச் செல்வர் மகிழ்வாயிருப்பதாகக் கூறுகிறார். ஆனால் நாடு முழுவதும் செல்வம் பெருகியபோது மக்களின் சராசரி மகிழ்ச்சி அதற்கேற்ப உயரவில்லை. அண்டை வீட்டாரோடு ஒப்பிடுவதும், பெற்றது விரைவில் பழகிப்போவதும் இதற்குக் காரணம் என்றார். அவரை மறுத்தவர்களும் உண்டு. வாதம் இன்னும் ஓயவில்லை.

ஆயினும் செல்வ நாடுகளின் தனிமை வாதத்துக்கு அப்பாற்பட்டது. பிரிட்டன் 2018இலும் ஜப்பான் 2021இலும் தனிமைக்கென அமைச்சரையே நியமித்தன. அமெரிக்காவில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் முந்தைய நாள் எல்லா வேளையும் தனியே உண்டதாகக் கூறினார் என்கிறது 2025ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கை. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என உலகச் சுகாதார நிறுவனம் அதே ஆண்டில் அறிவித்தது.

அது அயல்நாட்டுக் கதை என்று நாம் வாளாவிருக்க இயலாது. 1980களில் அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் ஆலைகள் ஓசூரை மாற்றின. 2021இல் நம் பக்கத்துப் போச்சம்பள்ளியிலேயே மின் ஸ்கூட்டர் ஆலை எழுந்தது. வானம் பார்த்த இந்த மண்ணில் மாதச் சம்பளம் என்பது சிறிய வரமன்று. அதைப் பழிப்பவர் பசியை அறியாதவர்.

பழைய திண்ணையை எண்ணி நான் ஏங்கவும் இல்லை. அங்கே எல்லாரும் அமர முடிந்ததா? சாதி பார்த்தே இடம் தரப்பட்டது. அத்திண்ணையின் முன் கைகட்டி நின்றவரின் பிள்ளைக்கு ஆலைச் சம்பளம் நிமிர்ந்து நடக்கும் உரிமையைத் தந்தது.

ஆனால் அந்தச் சம்பளத்துக்கு ஒரு விலையும் உண்டு. மாலைப் பொழுதுக்கு ஓவர்டைம் கூலி கிடைக்கும்போது, கவிதை கேட்கும் மாலை செலவு மிக்கதாகிவிடுகிறது. பணத்தை ஒருவர் தனியே ஈட்டலாம். நட்பைத் தனியே ஈட்ட இயலாது. ஒருவர் வராதபோது, வந்தவர் பெறுவதும் குறைகிறது. பலர் குறைந்தபின் வந்தவரும் வருவதை நிறுத்துகிறார். இதில் எவர் மீதும் பழியில்லை. ஆனால் இழப்பு எல்லார்க்கும் உண்டு.

இவ்வட்டத்தில் அதை நான் கண்டேன். ஓசூருக்குக் கம்பெனிப் பேருந்தில் சென்று வரும் கவிஞர் ஒருவர், மூன்று கூட்டங்களுக்குத் தொடர்ந்து வரவில்லை. மறந்துவிட்டார் என்று மனத்துள் குறைபட்டேன். பிறகு சந்தித்தபோது, சட்டைப்பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்தார். இரவு ஷிப்டின் இடைவேளையில் எழுதிய கவிதை. “வாசித்துக் காட்ட ஆளில்லை ஐயா” என்றார். வருமானம் கூடியிருந்தது, கேட்கும் செவி இல்லாமற் போயிருந்தது. மறந்தவர் அவரல்லர், நாம்தாம்.

ஆகவே ஒரு விண்ணப்பம். ஷிப்டு மாறி மாறி வரும் ஊரில், மாதம் ஒரே மாலை என்னும் வழக்கம் சிலரை வெளியே நிறுத்துகிறது. ஞாயிறு காலையில் இன்னொரு கூட்டம் வைப்போம். கலையுமுன் ஒன்றாய் அமர்ந்து உண்போம். வர இயலாதவரின் கவிதையை வந்தவர் வாசிப்போம். கேட்டவர் சொன்னதை அவர் வீட்டுக்குச் சென்று சொல்வோம்.

சாதி கேளாது அருகருகே அமரும் இந்தப் பாய், எந்த நாட்டு வருமானக் கணக்கிலும் ஏறாது. பத்தாண்டுகளாக நாம் சேர்த்த செல்வம் அதுவே. அதைக் குறையவிடாது காப்பது நம் கடன்.