மனநலப் பணியும் நம் சமுதாயமும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

எனக்கு முன் பேசியவர்கள் கல்வி உதவித்தொகை பற்றியும், விடுதிகள் பற்றியும், வேலைவாய்ப்புப் பற்றியும் விரிவாக எடுத்துரைத்தார்கள். எனக்கு அளிக்கப்பட்ட தலைப்போ இதுகாறும் நம் மேடைகளில் பேசப்படாத ஒன்று. மனநோய் என்ற சொல்லைத் தலைவர் அறிவித்தவுடன் முன்வரிசையில் சிலர் முறுவலித்ததைக் கண்டேன். அவர்களை நான் குறைகூற மாட்டேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நானும் இதைப் பற்றி வெளியே வாய் திறவாதிருந்தவன்தான்.

என் மூத்த சகோதரர் எங்கள் சேரியில் பள்ளி இறுதித் தேர்வில் தேறிய முதல் மாணவர். கல்லூரியில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கையில், 1979ஆம் ஆண்டில், விடுமுறை அல்லாத ஒரு நாளில் பெட்டியுடன் வீடு திரும்பினார். இரவில் உறக்கமில்லை. வானொலியில் தம்மைப் பற்றியே பேசுகிறார்கள் என்றார். யாருமில்லாத வேளையிலும் சாதிப் பெயரைச் சொல்லித் தம்மை ஏசும் குரல்கள் கேட்பதாகச் சொல்லிக் காதைப் பொத்திக் கொண்டார். அக்குரல்கள் சொன்ன வசவுகளில் ஒன்றேனும் அவர் புதிதாகக் கற்பனை செய்தது அன்று. ஊரிலும் கல்லூரி விடுதியிலும் அவர் செவியில் மெய்யாகவே விழுந்தவை அவை. ஆதலால் எது நோய், எது நடந்தது என்று பிரித்தறிய எங்களால் இயலவில்லை.

ஊர்ப் பெரியவர்களுக்கு அத்தகைய ஐயம் ஏதும் இருக்கவில்லை. "படிப்பு தலைக்கேறிவிட்டது. இதுகளுக்கு எதற்குப் படிப்பு?" என்றார்கள். அடுத்த சூன் மாதத்தில் எங்கள் தெருவில் மூன்று தந்தையர் தம் பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பவில்லை; பண்ணை வேலைக்கு விட்டார்கள். என் தந்தையாரும் என்னை நிறுத்தவே எண்ணினார். தாயார் வழக்காடியதனால்தான் நான் பள்ளிக்குப் போனேன். ஒருவருக்கு வந்த நோய் எத்தனை பேருடைய கல்வியை விழுங்கப் பார்த்தது என்பதைக் கல்விச் சங்கத்தார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிறகு நடந்தவை நம் குடும்பங்கள் பலவும் அறிந்தவையே. மந்திரித்தார்கள்; கயிறு கட்டினார்கள். பசுவும், தாயாரின் காதணியும் விலைபோயின. நோய் தீரும் என்று பலரும் சொன்ன ஓரிடத்தில் அண்ணனைக் காலில் சங்கிலியிட்டுப் பதினொரு மாதம் வைத்திருந்தோம். வைத்திருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சங்கிலிக்குப் பணம் கொடுத்தவர்கள் நாங்கள். அத்தழும்பு இன்றும் அவர் கணுக்காலில் இருக்கிறது. 1986இல் எங்கள் பகுதிக்கு வந்த கிராமச் செவிலியர் ஒருவர்தாம், "இது மூளையைச் சார்ந்த நோய், மருந்து உண்டு" என்று சொல்லி அரசு மருத்துவமனை ஒன்றுக்கு வழிகாட்டினார். மூன்று திங்களில் குரல்கள் அடங்கின. இடையில் ஏழு ஆண்டுகள் வீணாயின.

அந்நோயின் பெயர் மனச்சிதைவு. பெரும்பாலும் இது பதினேழு, பதினெட்டு வயதுக்கு மேல் முப்பதுக்குள் தலைகாட்டுகிறது. அதாவது நம் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கும் பருவத்தில். பேய் பிடித்தலும் அன்று, பெற்றோர் செய்த பாவமும் அன்று. படிப்பினால் வருவதும் அன்று. விரைந்து மருத்துவம் தொடங்கினால் பலர் நன்கு தேறுகிறார்கள்.

ஆனால் மருந்து மட்டும் போதவில்லை என்பதை நாங்கள் விரைவிலேயே கண்டோம். நலமாகித் திரும்பியவருக்கு எவரும் வேலை தரவில்லை. பேருந்துச் செலவுக்குப் பணமில்லாத மாதங்களில் மருந்து நின்றது. நோய் இருமுறை மீண்டது. மருத்துவமனையின் வாயிலோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை என்ற இவ்வுண்மையை எங்களுக்கு முன்பே உணர்ந்து செயல்பட்டவர் ஒருவர் சென்னையில் இருந்தார்.

டாக்டர் சாரதா மேனன் அவர்கள் 1923இல் பிறந்தவர். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்பட்டவர். 1794இல் தோன்றிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை 1961 முதல் 1978 வரை வகித்தார். ஓய்வுபெற்ற பின் வீட்டில் அமர்ந்துவிடாமல், 1984இல் ஒத்த கருத்துடையோரைக் கூட்டி, இலாப நோக்கற்ற ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவே ஸ்கார்ஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம். 1992இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 2021 திசம்பரில், தமது 98ஆம் வயதில் மறைந்தார்.

சென்னை அண்ணாநகர்ப் பகுதியில் அமைந்த அந்நிறுவனம் மருந்தெழுதிக் கொடுப்பதோடு நின்றுவிடுவதில்லை. பகல் நேரப் பராமரிப்பு, தொழிற்பயிற்சி, குடும்பத்தார்க்கு அறிவுரை, நெடுநாள் தங்கிப் பயில்வதற்கான இல்லங்கள் ஆகியவை மருத்துவத்தோடு சேர்ந்தே அங்கு வளர்ந்தன. காலையில் எழுந்து குளிப்பதும், குறித்த நேரத்திற்குப் பணிக்கு வருவதும், நாலு பேருடன் கூச்சமின்றிப் பேசுவதும் நோயுற்றவருக்கு மீண்டும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடங்கள். ஆசிரியனாகிய எனக்கு இது எளிதில் விளங்கியது. இடைநின்ற மாணவனை மறுபடியும் வகுப்பில் அமர்த்துவது போன்ற வேலை இது, பொறுமை வேண்டும்.

2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்நிறுவனம் ஒரு பேருந்தைச் சிற்றூர்களுக்கு அனுப்பத் தொடங்கியது. அப்பேருந்துக்குள் கலந்தாய்வுக்கு ஓர் அறை, மருந்து வழங்க ஓர் இடம். நோயாளி தம் ஊரில் பேருந்தினுள் அமர்ந்து, சென்னையிலிருக்கும் மருத்துவரோடு காணொளி வாயிலாகப் பேசுவார். மருந்து அங்கேயே கட்டணமின்றிக் கொடுக்கப்பட்டது. கூலிக்குப் போகும் ஒருவருக்கு நகர மருத்துவமனைக்குச் சென்றுவருவது ஒரு நாள் ஊதியத்தையும் இழப்பது என்பதை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு இது.

இளைஞர்களே, இனிச் சொல்லப் போவதை நீங்கள் கூர்ந்து கேட்க வேண்டும். மனச்சிதைவு உள்ளவர்களை வீடு தேடிச் சென்று பேணுவதால் பயன் உண்டா என்று அறிய, காஞ்சிபுரம் மாவட்டத்தின் சிற்றூர்களிலும், கோவாவிலும், மராட்டியத்தின் சாத்தாராவிலும் ஓர் ஆய்வு நிகழ்ந்தது. 282 நோயாளிகள் பங்கேற்றனர். 187 பேருக்கு மருத்துவமனைச் சிகிச்சையோடு ஊர்ப் பணியாளரின் துணையும் கிடைத்தது; எஞ்சிய 95 பேருக்குச் சிகிச்சை மட்டும். ஓராண்டுக்குப் பின் முடிவுகள் 2014இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தன. துணை பெற்றவர்கள் சற்றே கூடுதலாகத் தேறியிருந்தனர். பெரிய வேறுபாடு என்று மிகைப்படுத்த மாட்டேன். ஆயினும் அவ்வேறுபாடு நன்கு தெரிந்த இடம், மருத்துவ வசதி குறைந்த நம் காஞ்சிபுரத்துச் சிற்றூர்களே. அவ்வூர்ப் பணியாளர்கள் யாவர்? மருத்துவர்கள் அல்லர், பட்டதாரிகளாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பத்தாண்டுப் பள்ளிக் கல்வியும், மனிதரோடு இனிது பழகும் பண்பும் உடைய உள்ளூரார். ஆறு வாரப் பயிற்சி பெற்றவர்கள். இந்த அவையில் அத்தகுதி இல்லாதவர் எத்தனை பேர்?

மருத்துவம் எட்டாத இடத்தில் என்ன நேரும் என்பதை 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி காட்டியது. தனியார் காப்பகம் ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓடவும் இயலாமல் மாண்டனர். அன்று செய்தித்தாளை அண்ணனின் கண்ணில் படாமல் மறைத்து வைத்தேன். மாலையில் அவரே வேறெங்கோ படித்துவிட்டு வந்து, ஒன்றும் பேசாமல் காலைத் தடவிக் கொண்டிருந்தார்.

இன்று சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. எவரையும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று அது தடைவிதிக்கிறது. வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ளவர்க்கு அரசு மனநல நிலையங்களில் இலவச சிகிச்சை உரிமை என்கிறது. அதில் சாதியின் பெயரால் வேற்றுமை காட்டலாகாது என்று வெளிப்படையாகவே கூறுகிறது. ஒருவரது சமூக நிலையையோ பொருளாதார நிலையையோ கொண்டு அவரை மனநோயாளி என்று முடிவுகட்டக் கூடாது என்றும் விதிக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் அடங்கும். நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்புச் சான்று பெற்றவர் அச்சட்டத்தின் இடஒதுக்கீட்டைக் கோரலாம். இச்சான்று பெற நம்மவர் நாணுகிறார்கள். சாதிச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் வெயிலில் காத்துநின்ற நமக்கு இதில் நாணம் எதற்கு?

ஒன்றை மறவாமல் சொல்லிவிட வேண்டும். அவமதிக்கப்பட்ட இளைஞன் கலங்கி அழுவதெல்லாம் நோய் ஆகாது. அவமதித்தவனைச் சட்டத்தின் முன் நிறுத்தாமல், அழுதவனை மட்டும் மருத்துவரிடம் அனுப்பிக் கைகழுவும் நிறுவனங்களை நான் ஏற்பதில்லை. அதே வேளையில், எல்லாம் சாதிக் கொடுமையின் விளைவே என்று சொல்லிச் சிகிச்சையைத் தள்ளிப் போடுவதும் கேடு. எங்கள் வீட்டில் இரண்டும் உண்மையாக இருந்தன. இத்தகைய மனநல நிலையங்கள் சிலவற்றுக்கு நான் போயிருக்கிறேன். மருந்துக்குக் காத்திருக்கும் வரிசையில் நம் மக்களைக் கண்டேன். மேசைக்கு அப்பால் அமர்ந்திருந்தோருள் நம்மவர் ஓரிருவரே. உளவியலும் சமூகப்பணியும் படிக்க நம் சங்கம் யாருக்கேனும் இதுவரை உதவித்தொகை அளித்ததுண்டா என்று செயலாளரைக் கேட்டேன். இல்லை என்றார். அவர் உண்மையைச் சொன்னதற்கு நன்றி.

செயற்குழுவினர்க்கு என் வேண்டுகோள் மூன்று. ஆண்டுதோறும் இரு மாணவர்க்கேனும் அப்படிப்புகளுக்கு உதவி செய்யுங்கள். நோயினால் ஓராண்டு இடைநின்ற மாணவரின் உதவித்தொகையை நிறுத்தும் விதியைத் திருத்துங்கள். என் அண்ணனுக்குக் கிடைத்துவந்த தொகை இரண்டு மாத வருகைக் குறைவினால் நின்றது, அதன்பின் அவர் கல்லூரிக்குத் திரும்பவேயில்லை. மூன்றாவது, செலவில்லாதது. நம் விடுதிச் சுவரில் 14416 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். தற்கொலை எண்ணம் எழுவோர்க்குத் துணைநிற்க 1986 முதல் சென்னையில் இயங்கிவரும் ஸ்நேகா என்னும் தொண்டு அமைப்பின் எண்ணையும் அதனருகே எழுதலாம்.

என் அண்ணன் இன்று இந்த அவையில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவரிடம் இசைவு பெற்ற பின்னரே இவற்றைப் பேசினேன். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர் அவரே. அவர் மாத்திரை உண்ணும் வேளை இரவு எட்டு மணி. இப்போது ஏழரை ஆகிறது. ஆதலால் என் உரையை இத்துடன் நிறுத்திக் கொள்கிறேன்.