நடுக்குவாதமும் குருதி வழியும்



நாம் மருத்துவம் பயின்றவரல்லோம். இரயில்வேயில் எழுத்தராய் உள்ளோம். எனினும் இப்பொருள் பற்றிப் பேச முன்வந்ததற்குக் காரணமுண்டு. நம் அலுவலக நண்பர் ஒருவருக்கு 32-ஆம் வயதில் இடது பாதம் உள்நோக்கி முறுக்கிக்கொள்ளத் தொடங்கிற்று. பின்னர்க் கை நடுங்கிற்று. குடி என்றனர் சிலர். செய்வினை என்றனர் வேறு சிலர். தங்கையின் திருமணம் தடைப்படுமென அஞ்சி வீட்டார் ஐந்தாண்டுகள் மறைத்தனர். நாமும் முதலில் குடியென்றே ஐயுற்றோம். இன்று அதற்கு நாணுகிறோம்.

முதியோரின் நடுக்குவாதத்தை யாவரும் அறிவோம். 2005-இல் மறைந்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரின் நடுங்கிய கரத்தைக் கண்டு கலங்காதார் இங்கே யார்? இந்நோயை 1817-இல் விரித்தெழுதியவர் இலண்டன் மருத்துவர் சேம்சு பார்க்கின்சன். மூளையில் டோபமின் என்னும் பொருளை உண்டாக்கும் உயிரணுக்கள் மடிவதால் அசைவு தளர்கிறது, தசை இறுகுகிறது, கை நடுங்குகிறது. ஆயின் முப்பது வயதில் வருவானேன்?

சரக்குச் சீட்டில் ஊர்ப்பெயரின் ஓரெழுத்துப் பிறழ்ந்தால் மூட்டை வேறூர் போய்ச் சேரும். மரபணுப் பிறழ்வும் அத்தகையதே. நோயாளரிற் பெரும்பாலோர்க்கு ஒற்றை மரபணுவைக் காரணம் காட்ட இயலாது. காட்டக்கூடிய சிலரிடம், பிழை நேர்ந்த இடத்திற்கேற்ப நோயின் முகமும் மாறுகிறது. 1997-இல் இத்தாலியக் குடும்பமொன்றில் ஆல்பா சைனியூக்ளின் மரபணுவின் பிறழ்வு அறியப்பட்டது. அம்மரபணு பிறழாமல் படி மிகுந்தாலும் தீங்குதான். ஒரு படி மிகுந்தால் நோய் பெரும்பாலும் வழக்கம்போல் நடக்கும். இரு படி மிகுந்தால் இளமையிலேயே தோன்றி, விரைந்து முற்றி, நினைவையும் கவர்ந்துகொள்ளும். எல்.ஆர்.ஆர்.கே.2 பிறழ்வால் வருவதோ முதியோர் நோயினின்று பிரித்தறிய அரிது. ஜி.பி.ஏ. பிறழ்வுடையார்க்கு மறதி முந்திக்கொள்ளும்.

நண்பரிடம் கண்டது பார்க்கின் என்னும் மரபணுவின் பிழை. சப்பானிய அறிஞர் இதனை 1998-இல் கண்டறிந்தனர். இவ்வகையில் நோய் பெரும்பாலும் நாற்பதுக்கு முன்பே தோன்றும்; பாதம் முறுக்கும்; உறங்கி எழுந்தால் சற்றே இலகுவாகும். மெல்லவே முற்றும், அறிவு நெடுங்காலம் தெளிவாக நிற்கும். லெவோடோபா மாத்திரை சிறிதளவிலும் நன்கு கேட்கும். ஆயினும் நாளடைவில் உடல் தானே நெளியும் தொல்லை அம்மருந்தால் நேரும்.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் பிழையுற்ற படி வந்தாலன்றி இவ்வகை நோய் பொதுவாகத் தோன்றாது. பெற்றோர் நலமாகவே இருப்பர். ஒவ்வொரு மகவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நண்பரின் பெற்றோர் மாமன் மகளும் அத்தை மகனும் ஆவர். ஒரே பாட்டனாரின் பிழை இருவழியாகவும் வந்து கூடுதற்கு உறவுத் திருமணம் இடம் தருகிறது. இதற்காகத் தாயைப் பழித்த உறவினர், தம் வீட்டிலும் அதே வழக்கம் உள்ளதை மறந்தனர்!

பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற நரம்பியல் நிலையங்களில் இந்நோய்க்கு மருத்துவமுண்டு. நண்பர் இன்று மாத்திரையுடன் அலுவலகம் வருகிறார். தங்கைக்குச் சென்ற தை மாதம் திருமணம் நிகழ்ந்தது. மாப்பிள்ளை உறவினர் அல்லர். நிச்சயத்திற்கு முன்பே அவர் இல்லம் சென்று நோயின் பெயரைக் கூறியவர் நண்பரே; உடன் சென்றோர் நாம்.