கொழுந்து மடுவத்துத் தராசு



நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் ஒரு கணக்கப்பிள்ளை இருந்தார். மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடியேறினால் மீன் வாசம்கூட ஆகாது. நெற்றி நிறையப் பட்டை. அதே மனுசன் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்றால், எங்கம்மா கூடையில் இரண்டு கிலோ காணாமல் போகும். மழை நாளென்றால் 'தண்ணிக்கு' என்று இன்னும் ஒன்று. நிறை எட்டாவிட்டால் அரைப்பேர்தான். அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். மலையில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, கொழும்பிலிருந்து கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்த மாமா நேர்மாறு. கோயில் வரி கேட்டுப் போனால், "கல்லுக்கு எதுக்குய்யா காசு?" என்பார். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் குழி வெட்ட மண்வெட்டியோடு முதலில் நிற்பதும் அவர்தான். அப்போ சாமி கும்பிடாதவன்தான் நல்லவன் என்று முடித்துவிடலாமா? சம்பள நாள் ராத்திரி அந்தக் காம்பராவிலிருந்து அத்தை அழுகிற சத்தமும் கேட்கும்.

2014இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,252 பேரிடம் மூன்று நாளாகக் கைபேசியிலேயே கேட்டார்கள்: கடந்த ஒரு மணி நேரத்தில் நல்லது செய்தீர்களா, கெட்டது செய்தீர்களா? பக்திமான்களும் மற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் இரண்டையும் செய்திருந்தார்கள். எனக்குப் பிடித்தது வேறொரு முடிவு. நல்ல காரியம் ஒன்றைச் செய்து முடித்தவர், அதே நாளில் பிறகு சறுக்குவது கொஞ்சம் கூடியிருந்தது. எங்கள் கணக்கப்பிள்ளையின் விரதம் உடனே ஞாபகத்துக்கு வந்தது.

தனி மனுசர் கதையை விடுங்கள். மலையகத் தமிழரை மொத்தமாக நிறுத்துப் பார்த்த வருடம் 1948. இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. அதற்குக் கை தூக்கியவர்களில் பௌத்தரும் இருந்தார்கள், கிறிஸ்தவரும் இருந்தார்கள். எதிர்த்து நின்ற தமிழ்த் தலைவர் செல்வநாயகமும் கிறிஸ்தவர்தான். அவரோடு சேர்ந்து எதிர்த்தவர்களில், கடவுளைச் சாட்சிக்கு அழைக்காத இடதுசாரிச் சமசமாஜக் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். பரவாயில்லையே என்று நினைப்பதற்குள் 1964 வந்துவிட்டது. ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை, மிச்சம் 1,50,000 பேர் கதை பிறகு பார்ப்போம் என்றார்கள். கூடையில் கொழுந்தைப் பிரிக்கிற மாதிரி. அப்போது நிதியமைச்சர் சமசமாஜத் தலைவர் என்.எம்.பெரேரா. பதவி வந்ததும் பழைய பேச்சு எங்கே போனதென்று எங்கள் பெரியவர்கள் கேட்டார்கள். பதில் சொல்ல ஆளில்லை.

இன்னொரு பக்கம், 1972இல் கண்டியில் 'சத்யோதய' நிலையத்தைத் தொடங்கித் தோட்ட மக்களுக்காகப் பல வருடம் உழைத்தவர் போல் கஸ்பர்ஸ் அடிகளார், ஓர் இயேசு சபைத் துறவி. அவரை உந்தியது விசுவாசம்தான், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அதே வேதத்தை வாசித்த எத்தனையோ தோட்டத் துரைமார் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, திங்கட்கிழமை காலையில் பேர் பதிகிற பிரட்டுக்குப் பிந்தி வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். 'நம்ம ஆள்' என்ற கணக்கில் யாரைச் சேர்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அந்த வட்டத்தைச் சிலருக்கு மதம் பெரிதாக்கியது, சிலருக்குச் சுருக்கியது. கட்சியும் அப்படித்தான்.

ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன், கணக்கப்பிள்ளை சாமி கும்பிடுறதெல்லாம் வேசம்தானே என்று. "சாமிய ஏன்டா இதுல இழுக்கிற? அது அந்தாளு புத்தி" என்றாள்.

அந்த வருடம் தேர் சுற்றி வந்த அன்று, கணக்கப்பிள்ளை நீட்டிய திருநீற்றை அம்மா பயபக்தியோடு வாங்கிப் பூசிக்கொண்டாள். மறுநாள் மடுவத்தில் கூடையை மாட்டிவிட்டு, தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.