விருப்பவரிசை வாக்கும் கணிப்பொறியும்

குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்காளர் ஒருவரை மட்டும் குறிப்பதில்லை. வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்தலாம். இதன் பயன் 1969ஆம் ஆண்டில் நாடறிய விளங்கிற்று. செல்லத்தக்க வாக்குகளின் மொத்த மதிப்பு 8,36,337. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. முதல் விருப்பத்தில் வி. வி. கிரி 4,01,515, நீலம் சஞ்சீவ ரெட்டி 3,13,548 பெற்றனர். எவரும் எல்லையை எட்டாததால், பின்தங்கியோர் நீக்கப்பட்டு அவர்தம் வாக்குகள் அடுத்த விருப்பத்தின்படி மாற்றப்பட்டன. முடிவில் கிரி 4,20,077 பெற்று வென்றார். ரெட்டி பெற்றது 4,05,427.

இங்கு முதலில் முந்தியவரே வென்றார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துப் பர்லிங்டன் நகரில் 2009இல் நடந்த மேயர் தேர்தலில் அவ்வாறு நிகழவில்லை. முதல் விருப்பத்தில் கர்ட் ரைட் 2,951, பாப் கிஸ் 2,585, ஆண்டி மான்ட்ரால் 2,063 வாக்குகள் பெற்றனர். இறுதிச் சுற்றில் கிஸ் 4,313, ரைட் 4,061 என முடிவு மாறியது. நகராட்சி வெளியிட்ட வாக்குச்சீட்டுப் பதிவுகளைக் கணிப்பொறியிலிட்டு இருவர் இருவராக ஒப்பிட்டபோதோ, மான்ட்ரால் மற்ற ஒவ்வொருவரையும் வென்றிருப்பார் எனத் தெரிந்தது. வாக்குகள் ஒன்றே, விதிகள் மூன்று, வென்றவரும் மூவர். நகரமக்கள் 2010இல் இம்முறையைக் கைவிட்டுப் பின்னர் மீண்டும் ஏற்றனர்.

விதி வேறாயின் வாக்காளர் வரிசையிட்டதும் வேறாயிருக்கக்கூடும். இதை எந்த மென்பொருளும் கணித்துச் சொல்லாது. எனினும் விதிகளைப் பற்றிய விவாதத்தை ஊகத்திலிருந்து எண்களுக்கு அது கொண்டுவருகிறது. அதற்கு இரண்டு தேவை: நிரலும் வாக்குப் பதிவும் வெளிப்படையாயிருத்தல். ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பிரதேசம் 2001ஆம் ஆண்டுத் தேர்தலில் பயன்படுத்திய எண்ணிக்கை நிரலை எவரும் ஆராயுமாறு வெளியிட்டது. நிரலை வெளியிடுவதில் இழப்பு யாதுமில்லை.

வாக்குப் பதிவை வெளியிடுவது அத்துணை எளிதன்று. நம் நாட்டில் சட்ட மேலவைக்குச் சட்டமன்ற உறுப்பினர்கள் இரகசியமாக விருப்பவரிசை வாக்களிக்கின்றனர். வேட்பாளர் ஐவராயினும் அவர்களை முழுமையாக வரிசைப்படுத்த 120 வழிகள் உள்ளன. கட்சித் தலைமை ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனித்தனி வரிசையைக் கொடுத்தனுப்பினால், வரிசையே கையொப்பமாகிவிடும்; ஆணையை மீறியவர் யாரென்பது பதிவைப் பார்த்த அளவில் புலப்படும். இத்தகைய சிறு தேர்தல்களில், எண்ணிக்கையில் உண்மையாகப் பயன்பட்ட விருப்பங்களை மட்டும் வெளியிடுவது ஓரளவு பாதுகாப்பானது. அப்பதிவைக் கொண்டு முடிவு சரியா எனப் பார்க்கலாம். வேறு விதிகளோடு முழுமையாக ஒப்பிட இயலாது.