பிழை சொல்லும் பாடம்



பிழை தேடுவது நிரலாளர்களின் அன்றாட வேலை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் அப்பல்லோ விண்கலத்துக்கு நிரல் எழுதிய மார்கரெட் ஹாமில்டன், தம் சிறு மகளையும் அங்கே அழைத்துச் செல்வார். ஒருநாள் அவள் மாதிரிக் கலத்தின் பொத்தான்களை அழுத்தி விளையாட, பயணத்தின் நடுவே புறப்பாட்டு நிரல் ஓடி, கணினி நிலைகுலைந்தது. இதைத் தடுக்க நிரலில் மாற்றம் வேண்டும் என்றார் ஹாமில்டன். பயிற்சி பெற்ற வீரர்கள் தவறமாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்கள்.

1968 டிசம்பரில், அப்பல்லோ 8 பயணத்தில், ஜிம் லவல் அதே தவறைச் செய்தார். வழிகாட்டும் தரவுகள் அழிந்தன. மீட்கப் பாடுபட வேண்டியிருந்தது.

ஒரு குழந்தை செய்யும் பிழையைப் பலரும் செய்யக்கூடும். சிவப்பு மையால் சுழிக்கும் முன், அது எப்படி நேர்ந்தது என்று அக்குழந்தையிடமே கேட்போம்.